மடியில் மறைத்த விரிப்பான்

கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற நாட்டில் ஒரு மென்பொருள் கிடங்கு இருந்தது. ஒருநாள் பாட்டுப்பெட்டி என்றொரு புது நிரல் அங்கே வந்து சேர்ந்தது. நல்ல குரல், கொஞ்சம் தலைக்கனம், முதுகில் ஒரு மூட்டை.

நிரல்களைப் பொதியாகக் கட்டி ஊர் ஊராகக் கணினிகளுக்கு அனுப்புகிறவள் பெனிட்டா. "மூட்டையில என்னப்பா?" என்று கேட்டாள்.

"என் சொந்த விரிப்பான். சுருக்கி வச்ச கோப்புகளையெல்லாம் எனக்குப் பிரிச்சுக் கொடுப்பான்."

"இங்க எல்லாருக்கும் ஒரே விரிப்பான்தான். அதுதான் இந்தக் கிடங்கோட வழக்கம். உன்னோடதை வெளிய வச்சிரு."

பாட்டுப்பெட்டி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கிடங்கின் பொது விரிப்பான், மூட்டையில் இருந்தவனைவிடப் புதிய பதிப்பு. "நாளைக்கே அவன் மாறிட்டா என் பாட்டு நின்னுபோகாதா?" என்று கேட்டது.

பொது விரிப்பான் சிரித்தான். கடிதம் எழுதும் நிரல், படம் காட்டும் நிரல் என்று ஒரு கூட்டமே அவன் தோளில் சாய்ந்திருந்தது. "நீங்க என்னைக் கூப்பிடற முறையை நான் மாத்தினா என் பேரோட இருக்கிற எண்ணையும் மாத்திக்குவேன். பழைய எண்ணைக் காட்டி உன்னை ஏமாத்த மாட்டேன்" என்றான்.

பாட்டுப்பெட்டி தலையாட்டியது. ஆட்டிவிட்டு, மூட்டையை வெளியே வைப்பதுபோல் வைத்து, உள்ளே இருந்தவனை மட்டும் மடியில் செருகிக்கொண்டது. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அதற்கு நினைப்பு.

சில மாதம் கழித்துப் பொது விரிப்பானிடம் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. விஷமக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் போதும், அந்த வழியாகத் திருடன் கணினிக்குள் நுழைந்துவிடலாம். படம் காட்டும் நிரல்தான் முதலில் குரல் கொடுத்தது. பெனிட்டா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அடைத்தது ஒரே ஓட்டை. அவன்மேல் சாய்ந்திருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்த வேலையைக் காணக் கண் கோடி வேண்டும்.

"எல்லாரும் பத்திரம்" என்றாள்.

பாட்டுப்பெட்டியின் மடியிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "எனக்கும் அதே ஓட்டை இருக்கே. என்னை யாரும் பாக்கலையே."

பாட்டுப்பெட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னை நம்பிப் பாட்டுக் கேட்கிறவர்களின் கணினிகளெல்லாம் இன்னும் திறந்து கிடக்கின்றன. சொன்னால் தன் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர்கள் உடைமை போகும். மடியில் இருந்தவனை எடுத்து பெனிட்டாவின் முன் வைத்தது.

அவள் திட்டவில்லை. அவனை நீக்கிவிட்டுப் பொதியை மறுபடி கட்டினாள். "இப்பப் பாடு."

பாட்டுப்பெட்டி பயந்து பயந்து பொது விரிப்பானின் தோளில் சாய்ந்தது. பாட்டு பிசிறில்லாமல் வந்தது.

"இத்தனை பேர் சாஞ்சா உனக்குப் பாரமா இல்லையா?" என்று வெட்கத்தோடு கேட்டது.

"பாரம்தான். ஆனா இத்தனை பேர் சாஞ்சிருக்கிறதால எனக்கு ஒரு கீறல் விழுந்தாலும் யாராவது பாத்துடறாங்க" என்றான் விரிப்பான். "உன் மடியில இருந்தவனுக்கு உன்னை விட்டா யாரு இருந்தாங்க?"