மூக்காயி சொல்லக் கூடாத பெயர்

கண்மாய்க் கரையில் ஒரு மருதமரம் இருந்தது. அதைச் சுற்றி வரப்பெல்லாம் வயல் எலிகளின் வளைகள். அதில் ஒரு வளையில் மூக்காயி என்ற பெண் எலி குடியிருந்தாள்.

மூக்காயி எதையும் லேசில் நம்ப மாட்டாள். கிழக்கே மேகம் கூடினால்கூட மூக்கை நீட்டி ஒரு தரம் முகர்ந்துவிட்டுத்தான், மழை வரும் என்று ஒப்புக்கொள்வாள். யாராவது வலிய வந்து நல்ல வார்த்தை பேசினால், இவளுக்கு என்ன வேண்டுமாம் என்று யோசிப்பாள். "உன் மூக்குக்குச் சந்தேகம்தான் சாப்பாடு" என்று அடுத்த வளைக்காரி சடைச்சி கேலி செய்வாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. போன ஐப்பசியில் கண்மாய் நிரம்பித் தண்ணீர் வளைக்குள் புகுந்து, கண் திறக்காத குட்டிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த நினைப்பு வந்தால் இன்றைக்கும் அவளுக்கு ஒரு நெல்மணி உள்ளே இறங்காது. அடுத்த மழைக்குள் மேட்டுப் பாறையடியில் ஒரு வளை வேண்டும். அந்த மண்ணைத் தோண்ட முள்ளம்பன்றி ஒருவரால்தான் முடியும். அவரோ, "முதல்ல நெல்லைக் கொட்டு, அப்புறம் நகத்தை வைக்கிறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

நெல் சேர்ப்பதுதான் பெரும்பாடு. வளைக்குள் வைத்தால் அவள் கணவன் கை வைத்துவிடுவான். கெட்டவன் இல்லை. கண்ணெதிரே நெல் இருந்தால் கூட்டாளிகளை அழைத்து வந்து விருந்து வைத்துவிடுவான், அவ்வளவுதான். மண்ணில் புதைத்தாலோ முளைத்துவிடும்.

ஆகவே பெண் எலிகள் எல்லாரும் நெல்லைப் பெருச்சாளி பெரியகருப்பனிடம் கொடுத்து வைத்தார்கள். திரும்பக் கேட்டால் பாதிதான் வரும். "மிச்சம் ஈரத்துல வீணாப் போச்சு தாயி, நான் என்ன செய்ய?" என்று கையை விரிப்பான். அவனுடைய தொந்தி மட்டும் எந்த ஈரத்திலும் வீணாகாமல் வளர்ந்துகொண்டே போயிற்று.

இப்படி இருக்கையில்தான் மருதமரத்துக்கு மஞ்சளழகி என்ற மைனா வந்து சேர்ந்தாள்.

"பெண்டுகளே, இந்த மரத்துல ஆளுக்கு ஒரு பொந்து தர்றேன். உங்க நெல்லைப் போட்டு வையுங்க. இங்க போட்டதை அக்கரை நாவல் மரத்துலயும் எடுத்துக்கலாம். அங்க இருக்கிறது என் தங்கச்சி. நான் இங்கிருந்து குரல் கொடுத்தா அவ அங்க நெல்லைக் கொடுத்துடுவா" என்றாள் மைனா.

எலிகள் வாயைப் பிளந்தன. மூக்காயி மட்டும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்தாள்.

"இதுல உனக்கு என்ன லாபம்?" என்று கேட்டாள்.

"நெல்லுல வர்ற புழு எனக்கு. நெல்லு உனக்கு."

"என் நெல்லை வேற யாராச்சும் வந்து கேட்டா?"

"ஆளுக்கு ஒரு மறைசொல் உண்டு. பொந்து யாருதுன்னு சொல்லி, அந்த மறைசொல்லையும் சரியாச் சொன்னாத்தான் திறப்பேன்."

"குரலை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க மாட்டியா?"

மைனா சிரித்துவிட்டு, மூக்காயியின் குரலிலேயே அச்சு அசலாக, "குரலை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க மாட்டியா?" என்று திருப்பிக் கேட்டாள். மூக்காயிக்கு முதுகு மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"பார்த்தியா? குரலை யார் வேணும்னாலும் நடிக்கலாம். அதனால நாங்க குரலையும் நம்புறதில்ல, முகத்தையும் நம்புறதில்ல. சொல்லுதான் சாவி. நெல்லை எடுத்தா மூணு தரம் கூவுவேன், உனக்குத் தெரிஞ்சுடும். மறைசொல்லா ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக்கோ. எந்தச் சண்டையிலயும் எந்தத் தூக்கத்திலயும் உன் வாயிலிருந்து தவறி விழாத சொல்லாப் பாரு" என்றாள் மைனா.

மூக்காயி யோசித்தாள். அப்படி ஒரு சொல் அவளிடம் இருந்தது. அந்தக் கரையில் எந்தப் பெண் எலியும் கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவர்களுடைய பயம். நேரில் 'ஏங்க' என்பார்கள். பிறரிடம் 'எங்க வீட்டு ஆளு' என்பார்கள். கல்யாணமான நாள் முதல் மூக்காயி அந்தப் பெயரை ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. காதுக்குள் சொன்னால் சொன்னதாகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கிளையேறிப் போய் மைனாவின் காதில் ஊதினாள். இதை என்னைத் தவிர யாரால் யோசிக்க முடியும் என்று கொஞ்சம் கர்வமும் பட்டுக்கொண்டாள்.

ஆனாலும் மைனாவை நம்பிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். முதலில் ஒரு நெல்மணியைப் போட்டாள். போட்ட சூட்டோடு திரும்பக் கேட்டு வாங்கி, அதே மணிதானா என்று முகர்ந்து பார்த்தாள். பிறகு அக்கரைக்கு நடந்து போய் அங்கேயும் கேட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

நாள் செல்லச் செல்லப் பொந்து நிறைந்தது. பாறையடி வளை கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

ஒருநாள் சடைச்சி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அவளுடைய பொந்தில் உமிகூட மிச்சமில்லை.

"நான் கூவினேனே, நீதான் எழுந்திரிக்கல" என்றாள் மைனா.

"எப்ப கூவின?"

"உச்சி வெயில்ல."

எலிகளுக்குப் பகல்தான் ராத்திரி. உச்சி வெயிலில் எல்லாரும் வளைக்குள் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்கள்.

சடைச்சி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். மூக்காயி அவள் பக்கத்தில் போய், "யார்கிட்டயாச்சும் மறைசொல்லைச் சொன்னியா?" என்று கேட்டாள்.

"எங்க குலசாமி சத்தியமா இல்லடி. அது என் வாயில வர்ற சொல்லே இல்ல."

அப்போது பெரியகருப்பன் தொந்தியை அசைத்துக்கொண்டு வந்தான். "நான் அப்பவே சொல்லல? எல்லார் குரல்லயும் பேசுறவளை நம்பலாமா? அவளே எடுத்துத் தங்கச்சிக்குக் கொடுத்திருப்பா. பேசாம மிச்சத்தை எங்கிட்டக் கொண்டாந்து வையுங்க தாயிகளா" என்றான்.

பலருக்கு அது நியாயமாகப் பட்டது. மூக்காயிக்கு மைனாமேல் இருந்த சந்தேகம் ஒன்றுக்கு இரண்டானது. வீட்டுக்குப் போனால் கணவன்மேலும் சந்தேகம் வந்தது. அவன் ஏப்பம் விட்டதைக்கூட உற்றுக் கேட்டாள். பெருச்சாளிமேலும் சந்தேகம்தான், அது பழைய சந்தேகம். யாரை நம்புவது என்று தெரியாமல் அவளுக்குத் தலை சுற்றியது. கடைசியில், யாரையும் நம்ப வேண்டாம், நம் கண்ணாலேயே பார்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தாள்.

மறுநாள் உச்சி வெயில். கரையே தூங்கியது. மூக்காயி மட்டும் மரத்துக்கு எதிரே காட்டாமணக்குப் புதருக்குள் பதுங்கியிருந்தாள். மைனா பொந்துக்குள் மூக்கை விடும் கணத்துக்காகக் காத்திருந்தாள். கண்கள் சொக்கிக்கொண்டு வந்தன.

மைனா எதையும் தொடவில்லை. இறகைக் கோதிக்கொண்டு சும்மா இருந்தாள்.

வந்தவன் பெரியகருப்பன். தேக்கிலை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டான்.

"பேச்சி பொந்து" என்றான்.

"மறைசொல்?" என்றாள் மைனா.

"கட்டமுத்து."

கட்டமுத்து பேச்சியின் புருசன். அவனை எதற்கு இங்கே கூப்பிடுகிறான் என்று மூக்காயி விழித்தாள். அதற்குள் பொந்து திறந்தது. நெல் சலசலவென்று தேக்கிலையில் கொட்டியது. மைனா மூன்று தரம் கூவினாள். ஒரு வளையிலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

என் வாயில் வர்ற சொல்லே இல்லை என்று சடைச்சி சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் மூக்காயிக்கு விளங்கியது. தான் மட்டும் கண்டுபிடித்ததாக நினைத்த அதே உபாயத்தை ஊர்ப் பெண்டுகள் எல்லாரும் கண்டுபிடித்திருக்கிறார்கள்! அவர்கள் சொல்லாத பெயரைத்தான் ஊர் ஆண்கள் எல்லாரும் நாள் முழுக்கக் கூவிக்கொண்டிருக்கிறார்களே.

"அடுத்து மூக்காயி பொந்து" என்றான் பெரியகருப்பன்.

"மறைசொல்?"

"சுருளி."

"தப்பு" என்றாள் மைனா.

பெருச்சாளி தாடையைச் சொறிந்தான். "எல்லாரும் அப்படித்தான கூப்பிடுறாங்க. முழுப் பேரு என்னமோ உண்டே. சுருளிச்சாமி?"

"தப்பு."

"சுருளிவேலு?"

"தப்பு."

மூக்காயி புதரிலிருந்து பாய்ந்து வந்தாள். "ஏய், நிறுத்து! அது என் பொந்து. என் சொல்லை மாத்தணும்."

"பழைய சொல்லைச் சொல்லு, மாத்திக்கலாம்" என்றாள் மைனா.

"மேல வந்து காதுல சொல்றேன்."

பெரியகருப்பன் அடிமரத்தை மறித்துக்கொண்டு நின்று பல்லைக் காட்டினான். அவனுடைய ஒரு பல் மூக்காயியின் வால் நீளம் இருந்தது. "எங்க ஏறு பாப்போம்" என்றான். பிறகு அண்ணாந்து, "சுருளிராசு?" என்றான்.

"தப்பு."

இன்னும் ஒன்றிரண்டு பெயர்தான். சொல்லிவிடுவான். மூக்காயி வாயைத் திறந்தாள். வளைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் கணவனை நினைத்தாள். விருந்தாளிகளுக்கு நெல்லை அள்ளி வைத்துவிட்டு, கடைசி மணியை மட்டும் அவளுக்கென்று ஒளித்து எடுத்து வருகிறவன் அவன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தண்ணீர் கொண்டுபோன குட்டிகளையும் நினைத்தாள். மேகம் அன்றைக்கும் கிழக்கே கூடியிருந்தது.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உள்ளதெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"சுருளியாண்டி!"

கண்மாய் முழுக்க அது எதிரொலித்தது.

"சரியான சொல். இப்ப என்ன செய்யணும்?" என்றாள் மைனா.

"பொந்தைப் பூட்டு. நான் வந்து உன் காதுல புதுச்சொல் சொல்ற வரைக்கும் யார் எதைச் சொன்னாலும் திறக்காத. நானே கீழ நின்னு கெஞ்சினாலும் திறக்காத!"

"பூட்டியாச்சு."

"சுருளியாண்டி" என்றான் பெரியகருப்பன் அவசரமாக.

"பூட்டியாச்சுன்னு சொன்னேனே" என்றாள் மைனா.

மைனா மூன்று தரம் கூவியபோது எழுந்திரிக்காத கரை, ஒருத்தி புருசன் பெயரைக் கத்தியதும் மொத்தமாக எழுந்துவிட்டது. வளைக்கு வளை தலைகள் நீண்டன. முதலில் ஓடி வந்தவன் சுருளியாண்டிதான். "ஏண்டி, என்னையவா கூப்பிட்ட?" என்றவன், நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான், மீசையைத் தடவிப் பார்த்தான். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. மூக்காயி அவனைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அவன் நன்றாகத்தான் இருந்தான். அவளுக்கு அழுகை வந்தது.

பேச்சியின் பார்வையோ தேக்கிலைமேல் இருந்தது. "இது எங்க வயல் நெல்லாச்சே?"

"நீதானே தாயி எடுத்தாரச் சொன்ன?" என்றான் பெரியகருப்பன்.

"நானா? எப்ப?"

"பேச்சி, உன் மறைசொல் உங்க வீட்டு ஆளு பேருதானே?" என்று கேட்டாள் மூக்காயி. பேச்சி தலையைக் குனிந்தாள். சடைச்சியும் குனிந்தாள். வரிசையாக எல்லாத் தலையும் குனிந்தன.

"வெட்கப்பட இப்ப நேரமில்ல. அந்தப் பேரைச் சொல்லிப் பூட்டுங்க. நான் சொல்லி எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணும் ஆகல பாருங்க" என்றாள் மூக்காயி.

பேச்சிதான் ஆரம்பித்தாள். "கட்டமுத்து!" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக, "வெள்ளையன்!", "சோணமுத்து!", "ஒச்சப்பன்!" என்று கரையே அதிர்ந்தது. பெயருக்குச் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்தபடி நின்றார்கள். பெரியகருப்பன் அந்தக் கூச்சலில் நழுவப் பார்த்தான். பெண்டுகள் விடவில்லை. பின்னாலேயே போய் அவன் வளையைக் கிளறி, சடைச்சியின் நெல்லில் தின்றது போக மிச்சத்தை அள்ளிக்கொண்டு வந்தார்கள். பெருச்சாளி அன்றைக்கே அந்தக் கரையை விட்டுப் போய்விட்டான்.

மூக்காயி மைனாவையும் சும்மா விடவில்லை. "தப்புத் தப்பாச் சொல்லிட்டே இருக்கான், நீயும் கேட்டுக்கிட்டே இருக்கியே. இனிமே ரெண்டு தரம் தப்பாச் சொன்னா கதவை அடைச்சிடு. நாங்க தூங்குற நேரத்துல திறக்கவே திறக்காத" என்று பிடித்துக்கொண்டாள். மைனா தலையாட்டி ஒப்புக்கொண்டாள்.

மழை அடித்துப் பெய்தது. கண்மாய் தளும்பியது. மூக்காயியின் புதுக் குட்டிகள் மேட்டுப் பாறையடி வளைக்குள் உலர்ந்த வைக்கோலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கின. சுருளியாண்டி அவற்றைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டான்.

"இப்ப என்ன சொல் வச்சிருக்க? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

"உங்க உசிருக்கு உசிரா இருப்பேன். அதைச் சொல்ல மாட்டேன்" என்றாள் மூக்காயி.

அவன் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு அவள் வைத்த நெல்லைக் கொறித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

நாம் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதாலேயே ஒன்று ரகசியமாகிவிடாது. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றை வைத்துச் சேமிப்பைப் பூட்டுகிறவள், சாவியை ஊரார் கையில்தான் கொடுத்து வைத்திருக்கிறாள்.