எட்டுத் தோள் பல்லக்கு

முன்னொரு காலத்தில் மருதவளநாட்டை முடிவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னதை மதியம் மாற்றிவிடுவான்.

அந்த நாட்டில் மடத்து நிலத்துக்கு வரி கிடையாது. ஏரிக்கரைக்கு மண் சுமக்க வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பும் வழக்கமும் அதற்கு இல்லை. இது போதாதா நம் ஆட்களுக்கு? நிலத்தை மடத்தின் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு விளைச்சலைத் தாங்களே தின்றார்கள். கடைசியில் கரையை அடைக்க மிஞ்சியது மூன்றே வீடு. அதில் ஒன்று செங்கமலத்தின் வீடு. கணவன் இல்லை, இருப்பது கால்காணி நிலம். மழை வந்தால் கரை உடையும், நிலமும் போகும் என்ற பயத்தில் அரசவைக்கே வந்து, மடத்தின் பெயரில் உள்ள நிலத்துக்கும் வரியும் ஆளும் வேண்டும் என்று முறையிட்டாள்.

வருவாய் மந்திரி அம்பலநம்பிக்கு ஒரு குடியானவள் சபையில் பேசுவதே பொறுக்கவில்லை.

"கடவுளிடமே வரி கேட்கிறாயா?"

"கடவுள்கிட்ட கேக்கலைங்க. அவர் பேரைச் சொல்லி ஒளியுறவங்ககிட்டதான் கேக்குறேன்."

"நிரூபித்துக் காட்டு. இல்லையென்றால் உன் நிலமும் மடத்துக்கு!" என்றான் ராஜா.

செங்கமலம் நிமிர்ந்து நின்றாள். "மகாராசா பல்லக்குல உக்காரணும். மந்திரிமார் எட்டுப் பேரு தூக்கணும்."

ராஜாவுக்குக் குஷி. தொந்தியும் தொப்பையுமான மந்திரிகள் முற்றத்தை இரண்டு சுற்று வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அப்போது செங்கமலம் இரக்கத்தோடு சொன்னாள்:

"மடத்துக்கு நிலம் எழுதிவச்சவங்களுக்கு விலக்கு உண்டுங்க. தோளை எடுத்துக்கலாம்."

"நான் எழுதியிருக்கிறேன்!" என்று முதலில் விலகியவன் அம்பலநம்பி. "நானும்!" "நானும்!" ஆறு பேர் விலகினார்கள். பல்லக்கு சாய்ந்தது. ராஜா தரையில் உருண்டான்.

"ஏரிக்கரையும் இப்படித்தாங்க சாயுது" என்றாள் செங்கமலம்.

ராஜா இடுப்பைத் தடவியபடி எழுந்தான். "அப்படியானால் மடத்துக்கும் வரி போடலாமா?"

"அங்க தினம் நூறு பேரு சாப்புடுறாங்க. அந்தச் சோத்துக்கு விளையுற நிலத்துக்கு வேணாம். அதுவும் ஊரைத் தாங்குற ஒரு தோள்தான். மத்த நிலமெல்லாம் ஊரோட சேரட்டும். சாமியும் இந்த ஏரித் தண்ணியைத்தானே குடிக்குறாரு?"

எல்லோரும் சபையில் உட்கார்ந்திருந்த மடாதிபதியைப் பார்த்தார்கள். கிழவர் முகம் வாடியிருந்தது. "பக்தியால் கொடுக்கிறார்கள் என்றல்லவா வாங்கினேன்" என்றார்.

ராஜா அவள் சொன்னபடியே சட்டம் போட்டான். அவள் நிலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு முழுக் காணி நிலமும் கொடுத்தான். அரண்மனை வீட்டுக்கும் ஓர் ஆள் உண்டு என்று அம்பலநம்பியை மண் சுமக்க அனுப்பினான்.

மறுநாள் மந்திரி முனகிக்கொண்டே ஏரிக்கரைக்கு வந்தபோது அங்கே ஒருவர் முந்திக்கொண்டு நின்றார். காவித் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டு, மடாதிபதி செங்கமலத்திடம் கேட்டார்:

"என் கூடை எங்கே அம்மா?"