பெயர் போடாத நோட்டீஸ்

முதல் குற்றம்: நாவலாசிரியர் தங்கநாயகி, டெலிபோன் ஆபீசில் இருந்த நிரந்தர வேலையை, எழுதிக்கொண்டிருந்த நாவல் நகரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ராஜினாமா செய்தார்.

இரண்டாம் குற்றம்: ராஜினாமா செய்த பிறகும் நாவல் நகரவில்லை.

மூன்றாம் குற்றம்: வேலையை விட்டதைக் கணவரிடம் மறைத்து, தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிப் போய் நகராட்சிப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் குற்றம்: ஒருநாள் அதே பூங்காவில், ஆபீஸ் நேரத்தில், அவருடைய கணவர் சீட்டாடிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் நடித்து வீடு திரும்பினர்.

ஐந்தாம் குற்றம்: உழைத்துக் கை காய்த்துப்போன ஒரு மூத்த தொழிலாளி எழுதிய மூன்று நாவல்களையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதை வாசிக்கக் கேட்டபோது குறட்டை விட்டார்.

ஆறாம் குற்றம்: தன் நாவல்களில் கடன்காரனையும் கோழையையும் பெண்டாட்டியை விட்டு ஓடியவனையுமே நாயகனாக்கினார். மக்களுக்கு வழிகாட்ட ஒருவனைக்கூடப் படைக்கவில்லை.

கீழே பெயர் இல்லை. ‘நியாயம் கேட்போர்’ என்று மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மில் ஊரின் டீக்கடைகளிலும் பால் பூத்திலும் இந்த நோட்டீஸ் கிடந்தது. எழுதியவர் தங்கநாயகியின் சீடர் ராக்கப்பன். வயதில் டீச்சரைவிடப் பன்னிரண்டு வருடம் மூத்த சீடர்.

மில்லில் நடந்த எல்லாப் போராட்டத்துக்கும் நோட்டீஸ் எழுதியவர் அவர்தான். போலீஸ் தேடி வரும் என்பதால் எதிலும் பெயர் போட்டதில்லை. பிறகு வெற்றிக்குக் கல்வெட்டு வைத்தார்கள். மைக்கில் பேசியவர்களின் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. பேசியதை எழுதிக் கொடுத்தவர் பெயர் இல்லை. கேட்டால், இடம் போதவில்லை என்றார்கள்.

அதனால்தான் அவர் நாவல் எழுத வந்தார். தங்கநாயகியின் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கும். ஒருவருடைய நாவல் தேறிவிட்டால் டீச்சர் எழுந்து நின்று, எல்லோரையும் சாட்சியாக வைத்து, தலைப்பையும் எழுதியவர் பெயரையும் உரக்க வாசிப்பார். சாவதற்குள் தன் பெயர் ஒருமுறை அப்படி ஒலிக்க வேண்டும். ராக்கப்பனுக்கு வேறு ஆசை இல்லை.

போன ஞாயிறு மூன்றாவது நாவலும் திரும்பி வந்தது.

“என் நாவல்ல என்ன டீச்சர் குறை?”

“ஒரு குறையும் இல்லை அண்ணே. அதான் தூங்கிட்டேன்.”

“என் நாயகன் குடிக்க மாட்டான். பொய் சொல்ல மாட்டான். எடுத்த முடிவெல்லாம் சரியா வரும்.”

“வந்துச்சே. பக்கத்துக்குப் பக்கம் வந்துச்சு.”

“உங்க ஆளுங்க மட்டும் என்ன? ரெண்டு வழி இருந்தா, தெரிஞ்சே கெட்ட வழியில போறாங்க. அப்படிப்பட்டவனை ஒரு மனுசன் எதுக்கு முந்நூறு பக்கம் படிக்கணும்?”

தங்கநாயகி யோசித்தார்.

“தப்பே பண்ணாத ஆளை நீங்க எங்கே அண்ணே பார்த்தீங்க?”

ராக்கப்பன் வாயைத் திறந்தார். தன் பெயரைத் தானே சொல்வது நன்றாக இருக்காது என்று மூடிக்கொண்டார்.

“உங்க கேள்விக்கு அடுத்த வாரம் பதில் சொல்றேன்” என்றார் டீச்சர்.

பதிலுக்குக் காத்திருக்க ராக்கப்பனுக்குப் பொறுமை இல்லை. ஆத்திரம் வந்தால் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை நோட்டீஸ் எழுதுவது. அச்சடித்து, ஞாயிறு விடியுமுன் ஊரெல்லாம் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வகுப்புக்கு வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தார்.

அன்று மாடியில் இடம் இல்லை. வகுப்புக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள். பால்காரப் பேச்சியம்மா கேனைக் கீழே வைத்துவிட்டு ஏறி வந்திருந்தார்.

தங்கநாயகி நோட்டீசோடு வந்தார். கிழித்துப் போடப்போகிறார் என்று ராக்கப்பன் எதிர்பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் குற்றத்திலிருந்து உரக்க வாசித்தார். இரண்டாம் குற்றத்தில் சிலர் சிரித்தார்கள். நான்காம் குற்றத்தில் மாடியே அதிர்ந்தது. வாசித்தவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சீட்டு இல்லை, கேரம்!” என்று கத்தினார் அவர் கணவர் சிதம்பரநாதன். “எழுதறவன் ஒழுங்கா எழுத வேண்டாமா?”

“அப்புறம்?” என்றார் பேச்சியம்மா.

“அப்புறம் ஐந்தாம் குற்றம்” என்றார் தங்கநாயகி. “உழைத்துக் கை காய்த்துப்போன ஒரு...”

“அது கெடக்கட்டும் டீச்சர். வீட்டுக்குப் போய் என்ன ஆச்சு?”

“அது இதுல இல்லையே.”

“எப்படி இல்லாமப் போகும்? ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டாங்கல்ல? யாரு முதல்ல வாயத் தொறந்தது?”

“சாவி யார்கிட்ட இருந்துச்சு?” என்றது இன்னொரு குரல்.

ராக்கப்பனால் தாங்க முடியவில்லை.

“ரெண்டு பேர்கிட்டயும் இருந்துச்சு” என்று எழுந்தே விட்டார். “ஒரே நேரத்துல வாசல்ல வந்து நிக்கிறாங்க. இவரு, ‘இன்னிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி’ங்கிறாரு. அவங்க, ‘எனக்கும்தான்’ங்கிறாங்க. உள்ள போனா ரெண்டு பேர் தூக்கையும் கழுவணும். பூங்காவுல பார்த்த பயத்துல ரெண்டு பேருமே சாப்பிடலை. தொறந்தா குட்டு வெளிப்பட்டுரும். ‘நீ ஓய்வெடு, நான் கழுவுறேன்’னு இவரு இழுக்க, ‘நீங்க களைச்சு வந்திருக்கீங்க, நான் கழுவுறேன்’னு அவங்க இழுக்க...”

பாதியில் நிறுத்தினார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யோவ் ராக்கப்பா” என்றார் சிதம்பரநாதன். “உன்கிட்ட மட்டும்தானேய்யா சொன்னேன்!”

ராக்கப்பன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் எத்தனையோ முறை கேட்டும் சொல்லாத வார்த்தையை இப்போது சொன்னார்.

“ஆமா. நான்தான் எழுதினேன். என்ன நடவடிக்கையோ எடுங்க டீச்சர்.”

“உட்காருங்க அண்ணே.”

“உட்கார மாட்டேன். வெளியேத்தணும்னா வெளியேத்துங்க. ஆனா எழுதினதுல ஒரு வரி பொய் கிடையாது.”

“கேரம்” என்றார் சிதம்பரநாதன்.

“ஒரு வார்த்தை தவிர.”

“வெளியேத்துறதா இருந்தா, தூக்கைக் கழுவினது யாருன்னு சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க” என்றார் பேச்சியம்மா.

தங்கநாயகி நோட்டீசைத் தொடைமேல் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

“தலைப்பு என்ன அண்ணே?”

“நோட்டீசுக்கு எதுக்கு டீச்சர் தலைப்பு?”

“தலைப்பு என்ன?”

ராக்கப்பன் தொட்டியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

“சாப்பாட்டுத் தூக்கு” என்றார்.

டீச்சர் மேலே அதை எழுதினார். கீழே ‘நியாயம் கேட்போர்’ என்பதை அடித்தார். எழுந்து நின்றார்.

ராக்கப்பனுக்குப் புரிந்தது. குரல் இறங்கிவிட்டது.

“முழு நாவலும் முடிச்சாத்தானே டீச்சர் வாசிப்பீங்க? இது ஒரு பக்கம்தானே.”

“ஆமா.”

“நான் கோபக்காரன். நாளைக்கே சண்டை போட்டுட்டு மீதியை எழுதாம விட்டாலும் விட்டுருவேன்.”

“விடுவீங்க. தெரியும்.”

“அப்ப நீங்க எடுக்கிறது தப்பான முடிவு.”

“ஏழாம் குற்றமா எழுதிக்குங்க அண்ணே.”

பிறகு, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி அவர் வாசித்தார்:

“சாப்பாட்டுத் தூக்கு. எழுதியவர், ம. ராக்கப்பன்.”