கிழிசல் படம்

ஏழைகளின் உரிமை, மான மரியாதை பற்றி முந்நூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதி, அதையே பல்கலைக்கழகத்தில் பாடமாகவும் நடத்திய பேராசிரியர் அம்பலவாணன், குடிநீர்க் குழாய்க்கு வெளிநாட்டில் நிதி கேட்பதற்காகப் படம் எடுக்க, மாணவர்களோடு செங்காட்டூரில் வந்து இறங்கினார். அந்தப் புத்தகம் ஆளுக்கொன்று கையில். விருந்தாளிகள் வருகிறார்களே என்று அந்த ஊர்ப் பவுனுத்தாயி கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றாள்.

பேராசிரியருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, இப்படி நின்னா வெளிநாட்டுக்காரன் உங்க ஊருக்குக் குழாய் போட்டுக் குடுப்பானா? கிழிஞ்ச துணியும் அழுத மூஞ்சியுமா ஒரு படம் வேணும்!"

"அவ்வளவுதானுங்களே?"

முட்டியில் கிழிந்த ஜீன்ஸ் போட்டிருந்த மாணவனைக் கூப்பிட்டாள். "ராசா, கிணத்துல ரெண்டு குடம் தண்ணி எடுத்துட்டு வா."

கிணறு இருப்பதோ ஒரு மைல் தள்ளி. உச்சி வெயிலில் அவன் திரும்பி வந்தபோது குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மீதி கண்ணில் நின்றது.

"எடுங்கய்யா படத்த. கிழிசலும் இருக்கு, அழுகையும் இருக்கு."

பேராசிரியர் பதறினார். "ஐயையோ, பெரிய இடத்துப் பிள்ளை! அவன் மானம் என்ன ஆகும்?"

"அப்ப என் மானம் உங்க புத்தகத்துல எத்தனாவது பக்கத்துல வருதுங்க?"

 மாணவர்கள் அத்தனை பேரும் அங்கேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டித் தேட ஆரம்பித்தார்கள்.