பாப்பாயிக்குப் படைத்த சேலை

சேலை ஒன்று, அதற்கு உரிமை உள்ளவர்கள் இரண்டு பேர். தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையது. நடுவில் கோபம் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டாம், சொல்கிற எனக்கே அடங்கவில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பு. அங்கே பாப்பாயியின் தலைத்திவசத்துக்கு வந்து இறங்கினாள் தெய்வானை. இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே ஐம்பது வயதைத் தொட்டவள். பாப்பாயி அவளைப் பெற்றவள். பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது தெய்வானைக்கு வயது ஆறு.

அவளைத் தேடிக் கண்டுபிடித்தவன் கதிரேசன், அவளுடைய அண்ணன் பரமசிவத்தின் மகன். குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுகிறேன் என்று கிளம்பியவன். பூட்டன் துறையூரிலிருந்து கண்டிச் சீமைக்குப் போன வழி, அவர் வாரிசுகள் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்த வழி, எல்லாவற்றையும் பெரிய தாளில் வரைந்து சுவரில் மாட்டியிருந்தான். பாப்பாயிக்குக் கீழே, பரமசிவத்துக்குப் பக்கத்தில், 'தெய்வானை' என்று ஒரே ஒரு கட்டம். வீட்டுக்குள்ளோ தெய்வானைகள் இருவர் நின்றார்கள். பதுளைத் தெய்வானையை வளர்த்த அங்கம்மாவின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. தெய்வானை மேலிருந்து கீழாக இரண்டு தடவை தேடிப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். இலங்கைத் தோட்டத் தமிழரைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். பாப்பாயி குடும்பத்துக்குப் புறப்பட நாள் குறித்து வந்த வாரம் தெய்வானைக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் எழுதிய தலைகளில் ஒன்று குறைந்தால் மொத்தக் குடும்பத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தோட்டத்தில் பேச்சு. பாப்பாயி அடுத்த வீட்டு அங்கம்மாவின் காலில் போய் விழுந்தாள். அங்கம்மா புருஷனை இழந்தவள். அவளுக்கு இருந்தது ஒரே மகள் யோகராணி, அவளுக்கும் ஆறு வயது. அங்கம்மாவும் இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தவள்தான், ஆறு மாதத்தில் அவள் முறை வந்துவிடும் என்றிருந்தார்கள். உன் மகளை என் மகள் பேரில் கூட்டிப் போகிறேன், நீ வரும்போது என் மகளைக் கூட்டி வா, அங்கே மாற்றிக்கொள்வோம் என்றாள் பாப்பாயி. அங்கம்மா ஒத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்தாள்.

அங்கம்மாவின் முறை வரவே இல்லை. பிறகு கலவரம் வந்தது, கப்பலும் நின்றுபோனது.

எழுதத் தெரியாத அங்கம்மா ஆள் பிடித்துக் கடிதம் போட்டாள். முதல் இரண்டுக்குப் பதில் வந்தது. பின்னால் போட்ட ஏழுக்கு ஒரு வரி வரவில்லை. குட்டு வெளிப்பட்டால் கிடைத்த வீடும் வேலையும் பறிபோகும் என்று பாப்பாயிக்குப் பயமாம். பயம் ஒரு வருடம் இருக்கலாம், ஐந்து வருடம் இருக்கலாம். நாற்பது வருடமா இருக்கும்? அந்தப் பிள்ளை மேல் ஆசை வைத்துவிட்டாள், திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஒன்பது கடிதங்களும் அவளுடைய தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவள் செத்த பிறகு அவற்றிலிருந்த விலாசத்தை வைத்துத்தான் கதிரேசன் தெய்வானையைப் பிடித்தான்.

யோகராணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரறிய அவள்தான் தெய்வானை, ரேஷன் கார்டிலும் அவள்தான். பாப்பாயி படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் முகம் சுளிக்காமல் பீ மூத்திரம் அள்ளியவள். வந்த புதிதில், அம்மா எப்போது வரும் என்று தினமும் கேட்டாளாம். வரும், வரும் என்றார்கள். ஒரு நாள் கேட்பதை நிறுத்தினாள். வளர்ந்து ஆளான பிறகும் கேட்கவில்லை.

படையல் முடிந்தது. செத்தவளுக்கு வைத்த புதுச்சேலையை அவள் மகள் கட்ட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். பரமசிவம் சேலைத் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பதினொரு வயதில் எல்லாம் தெரிந்தே கப்பலேறியவர், வாய் திறக்காமலே தலை நரைத்தவர். பெற்ற மகள் இருக்கும்போது பேச்சென்ன என்றார்கள் உறவில் பாதிப் பேர். கடைசிவரை பார்த்தவளுக்கு இல்லாத உரிமையா என்றார்கள் மற்றவர்கள்.

பரமசிவம் தெய்வானைப் பக்கம் திரும்பினார்.

"நீயே எடுத்துக்க தங்கச்சி. அம்மா மேல இருக்கிற கோவத்த இத்தோட விட்டுரு."

தெய்வானைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தபால் வரும் நாளெல்லாம் கொழுந்துக் கூடையைக் கூட இறக்காமல் வாசலில் நின்ற அங்கம்மாவை இவர்களில் ஒருவராவது பார்த்ததுண்டா?

"எனக்காக நான் கோவப்படல அண்ணே. என்னய வளக்க ஒருத்தி இருந்தா. அவ பெத்த புள்ளைய வாங்கிட்டு வந்துட்டு, ரெண்டு கடுதாசிக்கு அப்புறம் அது இருக்குதா செத்துதான்னு ஒரு வரி எழுதல ஒங்கம்மா. அந்தக் கோவம் இந்தச் சேலையில போவாது."

யோகராணி தலை நிமிரவில்லை. "எங்கம்மா எப்ப செத்தாங்க?" என்றாள்.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது என்றாள் தெய்வானை. அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது.

தாம்பாளம் இன்னும் பரமசிவத்தின் கையில்தான் இருக்கிறது. இப்போது நீங்கள் சொல்லுங்கள். சேலை யாருக்குப் போவது நியாயம், பெற்ற மகளுக்கா, பார்த்த மகளுக்கா?

விடை: இரண்டு பேருக்கும் இல்லை. பாப்பாயிக்குப் படையல் கிடைத்தது, மகள் என்று சொல்ல இரண்டு பேர் கிடைத்தார்கள். மகளைக் கொடுத்து ஏமாந்த அங்கம்மாவுக்கு அந்த மகள் கையால் ஒரு பிடி சோறு கிடைக்கவில்லை. அவளுக்குச் செய்யும்வரை பாப்பாயியின் சேலையைக் கட்டும் தகுதி யோகராணிக்கு வராது, கட்டும் ஆசை தெய்வானைக்கும் கிடையாது. எல்லாம் தெரிந்தும் ஊமையாய் இருந்த பரமசிவமே அதைச் சுமந்துகொண்டு நிற்கட்டும். தெய்வானை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யோகராணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "கெளம்பு. நம்ம அம்மாவுக்கு ஒரு சேல எடுத்துப் படைப்போம். அதுக்கு வேணும்னா நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கலாம்" என்றாள்.