மாமன் நடைக்கு எண் என்ன?

ஒரு லேப்டாப்புக்குள் இரண்டு சாஃப்ட்வேர்கள் குடியிருந்தன. இரண்டுக்கும் ஒரே வேலை, பாட்டோடு பாட்டைச் சேர்த்துவிடுவது. ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேரை ஒரே வீட்டில் வைத்தால் என்ன நடக்கும்? அதேதான் அங்கேயும் நடந்துகொண்டிருந்தது.

ஒன்றின் திரை முழுக்கக் கறுப்பு. அவன் கறுப்பன். இன்னொன்று நீல நிறம். அவன் நீலன். லேப்டாப்பின் சொந்தக்காரி அமலி, உசிலம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் விசேஷ வீடுகளுக்கு டி.ஜே. போடுகிறவள். கல்யாணமோ காதுகுத்தோ, ஸ்பீக்கரோடு வந்து இறங்கிவிடுவாள்.

அன்றைக்குக் காலையில் காதுகுத்து. மண்டபத்தில் ஒயரை மாட்டிக்கொண்டே அமலி தனக்குத்தானே சொன்னாள்: "லேப்டாப்புல ஒரு பாட்டு வைக்கக்கூட இடமில்ல. விசேஷம் முடியட்டும், ரெண்டுல ஒண்ணைத் தூக்கிர வேண்டியதுதான்."

இதைக் கேட்டதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

"தூக்குனா உன்னையத்தான் தூக்குவா," என்றான் கறுப்பன். "என்கிட்ட சின்க் பட்டன் இருக்கு. ஒரு தட்டு தட்டுனாப் போதும். ரெண்டு பாட்டு எந்த வேகத்துல ஓடினாலும் அடிக்கு அடி ஒட்டிக்கிரும்."

"என்கிட்டயும்தான் சின்க் இருக்கு."

"இருக்கு, இருக்கு. அதைக் கண்டுபிடிக்க மூணு மெனுவைத் திறக்கணும். அதுக்குள்ள பந்தியே முடிஞ்சிரும்."

நீலனுக்குச் சுருக்கென்றது. "என்கிட்ட டேப் பட்டன் இருக்கு. ஆளுங்க விரலால தட்டிக் காட்டுனா, அந்த வேகத்தை அப்படியே பிடிச்சுக்குவேன்."

"ஆளு தட்டிக் காட்டணுமா? அப்ப நீ எதுக்குப்பா?"

கறுப்பன் விடவில்லை. "நான் இப்ப மைக்கு வழியாவே மேளத்தைக் கேட்டு, அதோட பாட்டை ஒட்ட வைப்பேன், தெரியுமா? போன வாரம்தான் அந்த வித்தை எனக்கு இறங்குச்சு."

அந்த வித்தைக்கு அன்றைக்கு வேலை இருந்தது. காது குத்தப்போகிற குழந்தையின் அம்மா முத்துப்பேச்சி, காலை ஏழு மணியிலிருந்து மண்டபத்தை இருபது தடவை சுற்றிவிட்டாள். அவள் நடந்தால் கூட வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். அப்படி வந்தவள் அமலியிடம் மட்டும் நின்றாள்.

"ஏம்மா, எங்கண்ணன் சீர் கொண்டு வருது. மூணு வருசமாப் பேச்சு வார்த்தை கிடையாது. வண்டியில விழுந்து காலு ஒடஞ்சு கெடந்தப்ப நான் எட்டிப் பாக்கலன்னு கோவம். நான் அப்ப இந்தப் பிள்ளையப் பெத்துப்போட்டு ஆஸ்பத்திரியில கெடக்குறேன். எனக்கு யாரு சொன்னா? இப்பத்தான் நாலு பேரு பேசி வரச் சம்மதிச்சிருக்கு. அதுவும் எப்படி? வாசல்ல என் மரியாதை கொறஞ்சா அப்படியே திரும்பிருவேன்னு."

"நான் என்னக்கா செய்யணும்?"

"சீர் வரும்போது உன் பாட்டு அதுக மேளத்தை அமுக்கிறக் கூடாது. பாட்டு இல்லைன்னாலும், நம்மளை வரவேற்கலைன்னு சொல்லும். ரெண்டும் சேந்து வரணும். மாமன் மடியில உக்கார வைக்காம என் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை முந்தானையால் துடைத்துக்கொண்டு இருபத்தொன்றாவது சுற்றுக்குப் போய்விட்டாள்.

அமலி யோசித்தாள். ஒரு கார்ட்லெஸ் மைக்கை மண்டப வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். கறுப்பனைத் திறந்தாள். மைக்கைக் கேட்டு வேகம் பிடிக்கும் பட்டனைத் தயாராக வைத்தாள்.

"பாத்தியா?" என்றான் கறுப்பன். மூடிக் கிடந்த நீலன் இருட்டுக்குள்ளிருந்து பெருமூச்சு விட்டான்.

பதினொரு மணிக்குச் சீர் வந்தது. தெருமுனையில் முதலில் கேட்டது உறுமியின் குரல். வரிசையாகத் தட்டுகள், மாலை போட்ட கிடாய், பட்டுப் பாவாடை, வாழைத்தார். நடுவில் தாய்மாமன் கருத்தபாண்டி, புது வேட்டி, கையில் ஊன்றுகோல். கோல் ஒன்று விழும், நல்ல கால் ஒன்று விழும், ஒடிந்து உள்ளே ஆணி வைத்த கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். மேளக்காரர்கள் அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து வந்தார்கள்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு முத்துப்பேச்சி நின்றாள். அண்ணன் நடையை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கால் ஒடிந்தது தெரியும். இப்படி இழுக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அமலி பட்டனைத் தட்டினாள். கறுப்பன் காதைத் தீட்டிக்கொண்டு மேளத்தை அளந்தான். இங்கேதான் கோளாறு. உறுமி வாசித்தது மூன்று மூன்றாகப் போகிற அடி. கறுப்பன் பிறந்த ஊரில் எல்லாவற்றையும் நான்கு நான்காகத்தான் எண்ணுவார்கள். நிமிஷத்துக்கு எழுபத்தாறு அடி வேகத்தில் வந்த மேளத்தை அவன் நூற்றுப் பதினாலு என்று எழுதிக்கொண்டான். கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுகிற வித்தை அவனுக்கு இன்னும் இறங்கவில்லை.

பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. மேளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். சீர்த் தட்டோடு வந்த இரண்டு பெண்கள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

கருத்தபாண்டி நின்றார். கோலைத் தரையில் ஊன்றினார்.

"என்ன, என்னைய ஓடிக் காட்டச் சொல்றாய்ங்களா?"

பாட்டோ வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு வருசம் கழிச்சு வந்ததுக்கு நல்ல மரியாதை," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார். முத்துப்பேச்சி ஆரத்தித் தட்டோடு அவர் பின்னால் ஓரடி பாய்ந்தாள். சிவப்புத் தண்ணீர் அவள் புடவையில் சிந்தியது.

அமலி ஒரே அழுத்தில் கறுப்பனை மூடினாள். அவள் நீலனைத் திறந்தாள்.

"எனக்கும் அந்த மேளம் விளங்கல அமலி," என்று நீலன் உள்ளுக்குள் புலம்பினான். "நானா அளந்திருந்தாலும் அதே நூத்திப் பதினாலுதான் சொல்லியிருப்பேன். நீயாப் பாத்துத் தட்டு."

அமலி ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். திரையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். கருத்தபாண்டி போய்க்கொண்டிருந்தார். கோல், கால், இழுப்பு. கோல், கால், இழுப்பு. ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. அவர் திரும்பியதும் மேளக்காரர்களும் சுற்றி அவர் முன்னால் ஓடிப்போய், மறுபடியும் அவர் காலைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டு போகிற நடைக்கும் உறுமி கூடவே உறுமியது.

அந்தக் கோல் விழ விழ, அமலி டேப் பட்டனைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

நீலன் பிடித்துக்கொண்டான். முதலில் வெறும் அடி மட்டும், அந்த நடையிலேயே. பிறகு மூணு மெனுவையும் திறந்து அமலி சின்க்கைத் தட்ட, பாட்டும் வந்து அந்த அடியோடு ஒட்டிக்கொண்டது. குத்துப்பாட்டு நிதானமாகி, கிட்டத்தட்டத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது.

போய்க்கொண்டிருந்தவருக்கு முதுகுக்குப் பின்னால் தன் நடை கேட்டது. அவர் மெதுவாக வைத்தால் அமலி மெதுவாகத் தட்டினாள். இழுத்தால் அவளும் கொஞ்சம் இழுத்தாள். பத்தடி போனவர் நின்றார். பாட்டு நிற்கவில்லை. ஆனால் முந்திப் போகவும் இல்லை.

"அண்ணே," என்றாள் முத்துப்பேச்சி.

கருத்தபாண்டி திரும்பினார். ஸ்பீக்கரைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். பிறகு கோலை எடுத்து ஒரு எட்டு வைத்தார். வாசல் வரைக்கும் மேளமும் பாட்டும் ஒன்றாக வந்தன. ஆரத்தி எடுக்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அழுகாதத்தா. தண்ணியெல்லாம் கொட்டிட்ட."

குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்தியதும் மண்டபமே அதிர அழுதது. மாமன் அதற்குச் சமமாக அழுதார்.

சாப்பாட்டு நேரத்தில் அமலி மறுபடி கறுப்பனைத் திறந்தாள். இளவட்டங்கள் ஆட வேண்டும், அவள் சாப்பிட வேண்டும். கறுப்பன் ஏழு பாட்டை வரிசையாக ஒட்டிக் கொடுத்தான். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அமலி இரண்டு கையையும் விட்டுவிட்டு, இலையில் பாயசம் வரைக்கும் வந்துவிட்டாள்.

ஆனாலும் கறுப்பனுக்கு மனசு ஆறவில்லை. வாசல் மைக் இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது. அதன் பக்கத்தில்தான் உறுமி சுவரில் சாய்ந்து கிடந்தது.

"உறுமியண்ணே, உங்க வேகம் உண்மையில எவ்வளவு? எழுபத்தாறா, நூத்திப் பதினாலா?"

"எனக்கு ஏதுப்பா வேகம்?" என்றது உறுமி. "அவரு காலு எப்படி விழுந்துச்சோ, அப்படி."

"கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போனாரே, அப்பவும் கூடவே போனீங்களே?"

"போறவரு கூடப் போனாத்தானப்பா அவரு திரும்பும்போது கூட வர முடியும்."

கறுப்பன் அதை எங்கே எழுதி வைப்பது என்று தேடினான். அவனிடம் எண் எழுதும் கட்டம் மட்டும்தான் இருந்தது.

அமலி கை கழுவிவிட்டு வந்தாள். லேப்டாப் முன் உட்கார்ந்தாள். கறுப்பன் மேல் அம்புக்குறியை வைத்தாள், எடுத்தாள். நீலன் மேல் வைத்தாள், எடுத்தாள். கடைசியில், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த மூன்று மணி நேர வீடியோ ஒன்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஒயரைச் சுருட்டப் போய்விட்டாள்.

"பிழைச்சோம்," என்றான் நீலன்.

கறுப்பன் காதில் அது விழவில்லை. அவன் லேப்டாப் கேமரா வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு நின்றுவிட்டது. மேளக்காரர்கள் பந்தியில் இருந்தார்கள். கருத்தபாண்டி வேனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு முத்துப்பேச்சி. காலையிலிருந்து மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியவள். கோல் விழும்போது அவள் கால் விழுந்தது. அவர் இழுக்கும்போது அவள் நின்றாள்.

"நீலா," என்றான் கறுப்பன், "அங்க யாருப்பா சின்க் போட்டது?"