நண்டுத்துறை ஐஸ் கம்பெனியில் கதை சொன்ன கதை

நண்டுத்துறை ஐஸ் கம்பெனியின் மூன்று மேஸ்திரிகளுக்கும் புத்தி இல்லை என்று சொன்னால் அது அநியாயம். மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. இன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் குழப்பம். இன்னாசியிடம் இருப்பதாகத் தொம்மை நினைத்துக்கொண்டிருப்பான். வியாகுலத்திடம் இருப்பதாக இன்னாசி நினைத்துக்கொண்டிருப்பான். வியாகுலம் இதைப் பற்றி நினைத்ததே இல்லை.

தொம்மைக்கு டின்களில் தண்ணீர் நிரப்புகிற வேலை. உறைந்த ஐஸ் பார்களை டின்னிலிருந்து வெளியே எடுக்கிற இடத்துக்கு இன்னாசி. லாரியில் ஏற்றுகிற இடத்துக்கு வியாகுலம். இவர்களுக்குக் கீழே கஸ்பார் என்கிற மூத்த லோடுமேனும் இன்னும் ஆறு பேரும். எல்லோருக்கும் மேலே முதலாளியம்மா பனிமயம். புருஷன் போன பிறகு இருபது வருஷமாகக் கம்பெனியை அவள் ஒருத்தியே ஓட்டினாள். எப்படி ஓட்டினாள் என்றால், கத்தி ஓட்டினாள். "தண்ணிய அடைலே" என்று ஒரு சத்தம் போடுவாள். தண்ணீர் நிற்கும். சில சமயம் பக்கத்துத் தெருவிலும் நிற்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன். போக வர, படுத்திருக்க என்று அஞ்சு நாள். அந்த அஞ்சு நாளும் கம்பெனியில் யார் கத்துவது? சென்னையிலிருந்து மகள் போனில் சொன்னாள்: கத்துவதெல்லாம் பழைய காலம், இப்போது தலைமைப் பயிற்சி என்று ஒன்று நடத்துகிறார்கள், மேஸ்திரிகளை ஒரு நாள் அனுப்பி வை.

அனுப்பும் முன்னால் பனிமயம் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னாள். "வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு மரியசிலுவை அண்ணாச்சியோட மூணு போட்டும் கடலுக்குப் போகுது. அதுக்குள்ள நூத்திருவது பார் அங்க ஏறியிருக்கணும். ஏறலன்னா அவரு பக்கத்து ஊரு கம்பெனிக்குப் போயிருவாரு. அவரு போனா இதை மூட வேண்டியதுதான். மூடுனா நான் மக வீட்டுல ஏழாவது மாடியில போயி உக்காரணும். அங்க ஜன்னலத் தொறந்தா என்ன தெரியும்னு தெரியுமாவே? எதுத்தாப்புல இன்னொரு ஜன்னல் தெரியும்."

மூன்று பேரும் கலங்கிவிட்டார்கள். அந்த ஜன்னலில் என்ன தெரியும் என்று இன்னாசி மெதுவாகக் கேட்டான்.

திங்கட்கிழமை திருநெல்வேலியில் ஒரு ஓட்டல் மாடியில் பயிற்சி. நிரஞ்சன் என்கிற சார் அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்ல மனுஷன். உத்தரவு போடுகிறவன் தலைவன் இல்லை, கதை சொல்கிறவன்தான் தலைவன் என்றார். கதை சொந்த வாழ்க்கையிலிருந்து வரவேண்டும், இரவல் கதை எடுபடாது. நீதியை நீங்கள் சொல்லக்கூடாது, கேட்கிறவனே கண்டுபிடிக்க வேண்டும். வாயால் மட்டும் சொன்னால் போதாது, கண் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். ஆரம்பித்த கதையை அரைகுறையாக விடவே கூடாது. "நல்ல கதை, தூக்குறவனோட பாரத்தையே குறைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். தொம்மை அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான்.

பிறகு சார் ஒரு கப்பல் கதை சொன்னார். நடுக்கடலில் கப்பலில் ஓட்டை. கேப்டன் பதறவில்லை. மாலுமிகளை உட்கார வைத்து ஒரு கதை சொன்னார். கப்பல் கரை சேர்ந்தது.

தொம்மை எழுந்து கேட்டான். "கதை முடியுற வரைக்கும் அந்த ஓட்டை என்ன செஞ்சுது சார்?"

அருமையான கேள்வி என்று சொல்லி, சார் எல்லோரையும் டீ குடிக்கப் போகச் சொன்னார்.

இங்கே நண்டுத்துறை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் கதை கேட்கிறவன் 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' வராவிட்டால் சொல்கிறவன் அதே வார்த்தையில் நின்றுவிடுவான். 'ம்' ஒரு தடவை கொட்டிவிட்டால் கேட்கிறவன் கதை முடியும் வரை எழுந்திருக்கக்கூடாது. பாதிக் கதையில் எழுந்தவனுடைய படகு பாதிக் கடலில் நிற்கும் என்பார்கள். எத்தனையோ புயலுக்குப் பயப்படாத ஆட்கள் இதற்குப் பயப்படுவார்கள்.

செவ்வாய்க்கிழமை பனிமயம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்பெனியில் டின்கள் நிறைந்து தண்ணீர் வழிந்தது. குழாய்ப் பக்கம் நின்ற கஸ்பாரிடம் "அடைலே" என்று சொல்ல வாயெடுத்த தொம்மை, தான் தலைவன் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கு அப்ப ஏழு வயசு" என்றான்.

கஸ்பாருக்கு ஒன்றும் புரியவில்லை. தொம்மை காத்திருந்தான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்த பிறகுதான் கஸ்பாருக்கு உறைத்து, "ம்" என்றான். தொம்மை ஏழு வயதில் கிணற்றில் விழுந்த கதை அது. அவன் விழுந்து, மூழ்கி, மூன்று தடவை மேலே வந்து, ஆட்கள் கயிறு தேடி முடிப்பதற்குள் தண்ணீர் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. கதை முடிந்ததும் ஏழு லோடுமேன்களும் கூடி நீதியைத் தேடினார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள்.

"கண்டுபிடிச்சாச்சு மேஸ்திரி" என்றான் கஸ்பார். "எல்லாரும் நீச்சல் கத்துக்கிடணும்."

எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் வரை வரவில்லை.

புதன்கிழமை காலை இன்னாசியின் முறை. டின்னிலிருந்து பார்களை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுப்பது சம்பந்தமாக அவன் வாழ்க்கையில் நடந்தது ஒன்றே ஒன்று. பல் வலி என்று போன இடத்தில் டாக்டர் பக்கத்துப் பல்லை எடுத்துவிட்டார். அதைச் சொன்னான், வாயைத் திறந்து இடத்தையும் காட்டினான். லோடுமேன்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். நீதி சுலபமாகக் கிடைத்தது: எடுக்க வேண்டியது அதுதானா என்று நிச்சயம் பண்ணாமல் எதையும் எடுக்கக்கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டின்னையும் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, இதுதானா என்று மூன்று பேர் ஒத்துக்கொண்ட பிறகே எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் நூற்றிருபது பார் வெளியே வந்ததே பெரிய காரியம்.

அடுத்து ஏற்ற வேண்டும். சீக்கிரம் ஏற்ற வேண்டும். வியாகுலம், தான் ஓடிப்போய் பஸ் பிடித்த கதையைச் சொன்னான். இருபத்திரண்டு வயதில், பெண் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போக வேண்டியவன், அவசரத்தில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிவிட்டான். இரண்டு நாள் அங்கே பஸ் ஸ்டாண்டில் கிடந்தான். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

லோடுமேன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீதியைத் தேடினார்கள். அவசரத்தில் எந்த வண்டியிலும் எதுவும் ஏறக்கூடாது. ஐஸைக் குளிர் அறைக்குள் கொண்டுபோய்ப் பத்திரமாக மூடி வைத்தார்கள்.

மூன்று மேஸ்திரிகளும் கூடிப் பேசினார்கள்.

"கதையில கோளாறு இல்ல, நம்ம வாழ்க்கையிலதான் கோளாறு" என்றான் தொம்மை. "ஒண்ணாவது நல்லபடியா முடிஞ்சிருக்கா பாத்தீங்களா?"

"ஓட்டப்பந்தயத்துல நான் ஒருக்கா மொதல்ல வந்திருக்கேன்" என்றான் இன்னாசி.

"அது பந்தயம் இல்லவே. உம்மை நாய் வெரட்டிச்சு" என்றான் தொம்மை.

"நாய் ரெண்டாவதா வந்துச்சுல்லா."

பிறகு வியாகுலம் சொன்னான். "ஐஸ் ஏத்தி ஜெயிச்ச கதை வேணும். அது நம்மகிட்ட இல்ல. இரவல் வாங்கவும் கூடாது. அப்ப நாமளே மொதல்ல ஏத்தி ஜெயிச்சிருவோம். பெறவு அந்தக் கதையச் சொன்னா, இவனுவ ஏத்துவானுவ."

அன்றைக்குப் பொதுப் புத்தி வியாகுலத்திடம் இருந்தது என்று மற்ற இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். லோடுமேன்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பாரும் ஐம்பது கிலோ. கொக்கி போட்டு இழுத்து, பலகையில் ஏற்றி, தள்ளி, நெஞ்சு இரைத்து, நடுவில் ஒரு தடவை இன்னாசி அழுது, பத்து மணிக்கு நூற்றிருபது பாரும் லாரியில் ஏறிவிட்டன. மேலே உமி போட்டுத் தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. துறைமுகம் அரைக் கிலோமீட்டர். டிரைவர் சாவியைத் திருகி, "எடுக்கட்டா?" என்றான்.

நானாக இருந்தால் இந்த இடத்தில் கதையை முடித்திருப்பேன்.

"பொறும்வே" என்றான் தொம்மை. "கதையச் சொல்லிருவோம். இவனுவளுக்குச் சொல்லத்தானே ஏத்துனோம்."

லோடுமேன்களை உட்கார வைத்து, "இன்னைக்கு விடிஞ்சப்போ" என்று ஆரம்பித்தான். அங்கே இருந்த ஆறு பேரும் ஒரே குரலில் "ம்" என்றார்கள். அப்போது இன்னாசி அவன் தோளைத் தொட்டான். வாயால் மட்டும் சொல்லக்கூடாது, நடத்திக் காட்ட வேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறாரே. கதை ஆரம்பிக்கும்போது லாரி எப்படி இருந்தது? காலியாக இருந்தது.

லாரியைக் காலி பண்ணினார்கள்.

பிறகு உள்ளது உள்ளபடி நடத்திக் காட்டினார்கள். கொக்கி போட்டு இழுத்தார்கள். மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார்கள். தண்ணீர் குடித்த இடத்தில், தாகம் இல்லாவிட்டாலும் குடித்தார்கள். இன்னாசி அழ வேண்டிய இடம் வந்தபோது அழுகை வரவில்லை, அதற்காகப் பத்து நிமிஷம் எல்லோரும் காத்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு ஆச்சரியம். இந்தத் தடவை பார்கள் கனக்கவில்லை.

"பாத்தீரா" என்றான் தொம்மை, நோட்டில் கோடு போட்ட இடத்தைக் காட்டி. "கதை பாரத்தக் குறைக்கும்னு சார் சொன்னாருல்லா."

ஏற்றி முடித்த நேரம் பார்த்து, டீ குடிக்கப் போயிருந்த லோடுமேன் ஒருவன் திரும்பி வந்து, ஆரம்பத்தைத் தான் கேட்கவில்லை என்று குறைப்பட்டான். ஒருவனை விட்டுவிட்டுப் போகிறவன் தலைவன் இல்லை. மறுபடி இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். இப்போது ஒரு கையால் இரண்டு இரண்டாகத் தூக்கினார்கள். கதையின் சக்தி அவர்களுக்கே பயமாக இருந்தது. கடைசியில் தார்ப்பாயைக் கட்டியபோது லாரியில் ஈர உமி மட்டும் இருந்தது. கதை முழுசாக வேலை செய்துவிட்டது.

சரியாக மூன்று மணிக்கு மரியசிலுவை அண்ணாச்சியின் புல்லட் கேட்டுக்குள் நுழைந்தது. ஆறடி உயரம், மிளகாய்ப்பழம் மாதிரி முகம். லாரியைப் பார்த்தார். அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐஸ் எங்கவே?"

வியாகுலம் எழுந்து நின்றான். நேரடியாகப் பதில் சொல்ல மனம் துடித்தது. ஆனால் இவ்வளவு பெரிய மனுஷருக்கு ஒரு துண்டுக் கதை சொன்னால் மரியாதையாக இருக்குமா? முழுசாகச் சொல்வதுதான் முறை.

"நான் பொறந்தப்போ" என்றான், "எங்கம்மாவுக்கு நல்ல காய்ச்சல்."

அண்ணாச்சி திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அது அந்தக் கடற்கரையில் பிறந்த வாய். பாதி திறந்தபோதே "ம்" என்று வந்துவிட்டது.

அண்ணாச்சி தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். பிறகு புல்லட்டை நிறுத்திவிட்டு, வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். வியாகுலத்துக்கு நாற்பத்தாறு வயது.

சனிக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு பனிமயம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முதலில் தெரிந்தது காலி லாரி. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஏழாவது மாடி ஜன்னல் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு, "போட்டெல்லாம் வேற ஐஸ் ஏத்திட்டுப் போயிருச்சாலே?" என்று கஸ்பாரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"போகலம்மா. அண்ணாச்சி அங்க உக்காந்திருக்காரு. சத்தம் போடாதீங்க, நாகர்கோவில் பஸ் வாரதுக்கு நேரமாச்சு."

பனிமயம் கண்ணாடியைக் கழற்றி, வேப்பமரத்தடியைப் பார்த்தாள். டாக்டர் நல்ல வேலை செய்திருந்தார்; எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மறுபடி மாட்டிக்கொண்டாள்.

உள்ளே டின்களில், புதன்கிழமை லோடுமேன்கள் நிச்சயம் பண்ண முடியாமல் விட்டுவைத்த பார்கள் உறைந்தபடி இருந்தன. எண்ணிப் பார்த்தால் நூற்றிருபதுக்கு மேலேயே இருக்கும்.

"ஏத்துங்கலே" என்று கத்தினாள்.

லோடுமேன்கள் துள்ளி எழுந்தார்கள். அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் மூன்று படகிலும் ஐஸ் ஏறியது. கம்பெனி பிழைத்தது. இனிமேல் அண்ணாச்சி எழுந்து வரவேண்டியதுதான் பாக்கி. முதலாளி கதையில் இருக்கும்போது படகு எடுக்க எந்த டிரைவரும் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கம்பெனியில் கூடிவிட்டது. கதையில் வியாகுலம் நாற்பத்தாறு வயதைத் தொட்டிருந்தான். கண் ஆபரேஷன் வந்தது, திருநெல்வேலி வந்தது, லாரியில் ஐஸ் ஏறியது, இறங்கியது. அண்ணாச்சி வேட்டியை இறுக்கிக் கட்டி, எழுந்திருக்கத் தோதாக ஒரு காலை ஊன்றிக்கொண்டார்.

"அப்ப மரியசிலுவை அண்ணாச்சி புல்லட்டுல வந்தாரு" என்றான் வியாகுலம். "ஐஸ் எங்கவேன்னு கேட்டாரு. நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன்."

"ம்" என்றார் அண்ணாச்சி, பழக்கத்தில்.

"நான் பொறந்தப்போ, எங்கம்மாவுக்கு நல்ல காய்ச்சல்."

அண்ணாச்சி ஊன்றிய காலை மடக்கிக்கொண்டார்.

படகில் ஏற்றிய ஐஸ் மூன்று நாளைக்கு ஒரு தடவை உருகிவிடுகிறது. டிரைவர்கள் வந்து புதிதாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு மீனும் பிடிக்காத மூன்று படகுகளுக்காக ஐஸ் கம்பெனி ஓய்வில்லாமல் ஓடுகிறது. கத்திக் கத்திப் பனிமயத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியாக நான் கேள்விப்பட்டபோது கதை ஒன்பதாவது சுற்று. அண்ணாச்சியின் வீட்டுக்காரி தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இன்றைக்காவது வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவர் கையைக் காட்டி அவளைச் சும்மா இருக்கச் சொன்னாராம். வியாகுலம் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டான், அதோ ஓடுகிறான், இந்தத் தடவையாவது சரியான பஸ்ஸில் ஏறுகிறானா என்று பார்க்க வேண்டுமாம்.